காது கொடுத்தவன்

வால்பரைசோவில் எல்லாத் தெருவும்
ஏதோ ஓரிடத்தில் படிக்கட்டாகிவிடும்.
நாற்பத்திரண்டு படி ஏறினால் என் மேஜை.
சன்னலில் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள்.
திங்களன்று அங்கே வந்திறங்கியது
உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய காகிதம்.

எவரிஸ்தோ ஒயார்சூன்
ஆயுள் முழுக்கக் கப்பல் வரைந்தவன்.
அவன் தீட்டிய முந்நூறு சொச்சம் கடல்களில்
ஒரு மாலுமிக்கும் முகம் கிடையாது,
கயிறு இழுக்கும் முதுகுகள்தாம்.
ஆகவே இந்த ஒற்றைப் பென்சில் முகத்துக்கு
ஏலக்காரர்கள் சொல்லும் விலையில்
நான் வாடகை கொடுக்கும் வீட்டை
இரண்டு தடவை வாங்கலாம்.

முகம் டெல்ஃபின் பாரியென்தோஸுடையது.
அவனோ முகங்களை வரைந்தே பிழைத்தவன்:
மணப்பெண்கள், வங்கி மேலாளர்கள்,
ஒரு பிஷப், பிஷப்பின் நாய்.

பின்பக்கம் மீன்கடைக் கணக்கு.
விலாங்கு இரண்டு கிலோ, எலுமிச்சை, ஒயின்,
பாக்கி ஏழு பெசோ.
பாக்கிக்குக் கீழே இரண்டு கோடு,
கடைக்காரருக்குப் பொறுமை போயிருக்கிறது.

விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்தேன்.
அழுத்திய கோடுகளின் பள்ளங்கள்
அப்போதுதான் எழும்பி வரும்.
தாடை ஒரு கப்பலின் அடிமரம்.
மூக்கைப் பாய்மரம் என்றே எண்ணியிருக்கிறான்,
முகத்தை விட்டு எங்கோ புறப்படுகிறது.
நிழற்கோடுகள் யாவும்
இடமேலிருந்து வலக்கீழாக இறங்குகின்றன,
இடக்கைக்காரனின் மழை.

காதில் மட்டும் மழை திசை மாறுகிறது.

'காது வேறொரு கையின் வேலை,
நீக்கித் தர முடியுமா?'
என்று கேட்கிறது உடன் வந்த கடிதம்.
ரொட்டியின் நடுப்பகுதியும்
ஒரு பிற்பகலும் இருந்தால் முடியும்.

காது வரவேண்டிய இடத்தில்
தாள் நைந்திருக்கிறது.
நான்கு முறை போட்டு அழித்திருக்கிறான்:
ஒரு நத்தை, ஒரு முடிச்சு, ஒரு நங்கூரம்.
நான்காவது என்னவென்று தெரியவில்லை,
கெட்ட வார்த்தையாக இருக்கலாம்.
அப்புறம் பென்சில் கைமாறியிருக்கிறது.

மீன்கடையில் கண்ணாடி ஏது?
இடது கையால் தன் காதைத் தடவித் தடவி
வலது கையால் வரைந்திருக்கிறான் டெல்ஃபின்.
விரல் பார்த்த காது.
அதனால்தான் அவ்வளவு பெரிது.
மடலின் ஓரத்தில் ஒரு வெட்டுத் தழும்பு.
எந்தப் புகைப்படத்திலும் அது இல்லை,
எல்லாவற்றிலும் முடியை இழுத்துவிட்டு
மறைத்துக்கொண்டு நிற்கிறான்.

இரண்டு கையும் இப்படி வேலையாயிருக்க
தாளைப் பிடித்துக்கொண்டது யார்?
கீழ் மூலையில் ஒரு பெருவிரல் ரேகை,
பென்சில் கரியும் மீன் எண்ணெயும் கலந்தது.
இதே ரேகையை எவரிஸ்தோவின் கடல்களில்
வார்னிஷுக்கு அடியில் பார்த்திருக்கிறேன்.
அது இரண்டு முறை பதிந்திருக்கிறது,
கொஞ்சம் தள்ளித் தள்ளி.
சிரித்துக் குலுங்கியிருக்க வேண்டும்.

அடுத்த வருடம் பேச்சு நின்றுபோனது.
ஒரு பரிசு என்பார்கள், ஒரு கடன் என்பார்கள்.
பதினோரு வருடம் ஒரே மலையில்
வேறு வேறு படிக்கட்டில் இறங்கினார்கள்.
எவரிஸ்தோவின் சவப்பெட்டியை
எந்த மூலையில் டெல்ஃபின் தூக்கினான்,
தூக்கினானா என்பதற்கெல்லாம் சாட்சியில்லை.
அவனுடைய வண்ணப்பெட்டியின் அடித்தட்டில்
இந்தத் தாள் கிடந்தது.
சட்டமிடப்படவில்லை.
ஒருமுறைகூட மடிக்கப்படவில்லை.

பதில் எழுதினேன்: நீக்க முடியாது.
பொய் என்பது எனக்கும் ரொட்டிக்கும் தெரியும்.

பதிவேட்டில் 'வரைந்தவர்' என்ற கட்டம்
ஒரு பெயரின் நீளம்தான்.
எவரிஸ்தோவைப் பொடி எழுத்தில் நெருக்கியும்
டெல்ஃபின் பாரியென்தோஸ்
கோட்டைத் தாண்டி 'அளவு' கட்டத்துக்குள்
பாதி உடம்போடு போய் நிற்கிறான்.
அளவை எங்கே எழுதுவது?
பதினான்குக்கு இருபத்தொன்று.
ஓரத்தில், செங்குத்தாக எழுதிவைத்தேன்.
படிக்கிறவர் தலையைச் சாய்த்துக்கொள்ளட்டும்.