எண்பத்து நான்கு

ரூபிணியின் நாத்தனார்
மூன்றாம் முடிச்சுக்குக் கை நீட்டும் இடத்தில்
ஒவ்வொரு முறையும் உறைந்துபோகிறது திரை.
எண்பத்து நான்கு டிகிரி.
அட்சதை பாதி வானத்தில் தொங்குகிறது.
கிராபிக்ஸ் கார்டின் மூன்று விசிறிகளும்
இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மேடேறும்
பழைய கப்சாய் மாதிரி அலறுகின்றன.

சுவருக்கு அப்பால் ஜெயசுதா தூங்குகிறாள்.
தூங்குவதாகச் சொல்கிறாள்.
இரவு முழுக்க வார்டில் நின்ற கால்களைத்
தலையணைமேல் ஏற்றி,
காதில் பஞ்சு வைத்து.

லோயாட்டில் மூன்றாம் மாடி.
ஆ கியோங் பெட்டியைத் தட்டிக் காட்டினான்:
"இது பிராசசருக்குச் செஞ்சது, பாஸ்.
கார்டுக்கு மாட்டணும்னா இந்தத் தகடு தனியா வேணும்.
உடைஞ்சா என்கிட்ட வராதே."
இருநூற்று எழுபது ரிங்கிட்.
பெண்வீட்டார் தந்த முன்பணத்தில்
மிஞ்சியிருந்ததே இருநூற்றுத் தொண்ணூறு.

செந்தூல் பிளாட், பதினான்காம் மாடி,
சாப்பாட்டு மேசையில் பிரித்துப் போட்டேன்.
திருகாணிகளை முட்டைத் தட்டின் குழிகளில்
கழற்றிய வரிசையிலேயே.
பழைய பசை கல்லாகியிருந்தது.
முடி உலர்த்தியைக் காட்டினால் இளகும்,
ஆனால் அவள் எழுந்துவிடுவாள்.
ஊறுகாய் ஜாடி மூடியைப்போல்
இடமும் வலமுமாகக் கையாலேயே அசைத்தேன்,
மூச்சைப் பிடித்துக்கொண்டு.

அவள் பையிலிருந்து ஸ்பிரிட் துணி,
ஊசி போடும் முன் தோளில் தேய்ப்பது,
ஐந்து கிழித்தேன்.
சாம்பல் பூச்சு போனதும்
தபால்தலை அளவு கண்ணாடி.
அதில் என் மூக்கு.
இதற்குள்தானா நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்கினார்,
இதற்குள்தானா முந்நூறு பேர் இலை போட்டுச் சாப்பிட்டார்கள்?

பட்டாணி அளவு புதுப்பசை.
நான்கு திருகாணி.
ஒன்றை மட்டும் இறுக்கினால் சிப்பின் முனை தெறிக்கும்.
மூலைக்கு அரைச்சுற்று, எதிர்மூலைக்கு அரைச்சுற்று:
பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகளை
ஒரே படத்துக்குள் நிறுத்துவதுபோல்
இவர் பக்கம் கொஞ்சம், அவர் பக்கம் கொஞ்சம்.

மெமரி சில்லுகளுக்கு
நகத்தளவு அலுமினியச் சீப்புகள் எட்டு.
ஏழு ஒட்டினேன்.
எட்டாவது ஐஸ்பெட்டிக்கு அடியில் ஓடிவிட்டது.
அரைமணி நேரம், துடைப்பக் குச்சி, டார்ச்.

ரேடியேட்டர் மேலே, பம்ப் கீழே.
காற்றுக்குமிழி எப்போதும் உயரம் தேடும்.
குழாய்கள் பெட்டிக்குள் அடங்கவில்லை.
பக்கக் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்தேன்;
இன்றுவரை அங்கேதான் நிற்கிறது.

நான்கு மணி மழை தொடங்கியபோது
கீழே விரித்திருந்த டிஷ்யூவில்
ஓர் ஈரப்பொட்டு.
வயிறு இறங்கிப்போனது.
இணைப்பு ஒவ்வொன்றாக விரலால் தடவினேன். காய்ந்தே இருந்தது.
இன்னொரு பொட்டு விழுந்தது.
அப்புறம்தான் தலையைத் தூக்கினேன்:
நானே ஆணியில் மாட்டிய தே ஓ ஐஸ் பை
வியர்த்துக்கொண்டு தொங்கியது.

பொத்தானை அழுத்தினேன்.
வாய் கொப்பளித்துத் துப்பாமல் விழுங்கியதுபோல்
பம்பில் ஒரு சின்னச் சத்தம்.
அவ்வளவுதான்.
நாற்பத்தொன்று. ஐம்பத்து மூன்று.
ஐம்பத்தாறில் நின்றது.
மூன்றாம் முடிச்சு விழுந்தது.
அட்சதை மொத்தமும் இறங்கியது.
முடிச்சுப் போட்ட கையாலேயே நாத்தனார்
கண்ணைத் துடைத்துக்கொண்டதை
இத்தனை நாளில் இப்போதுதான் பார்க்கிறேன்.

கதவு திறந்தது.
ஒரு காதில் மட்டும் பஞ்சோடு ஜெயசுதா:
"என்ன ஆச்சு? செத்துப்போச்சா?"
"ஓடுது."
நம்பாமல் வந்து குழாயைத் தொட்டாள்,
நாடி பார்க்கும் அதே இரண்டு விரலால்.
"சுடுதே."
"சுடணும்."

ஒன்பதுக்கு டூட்டி. திரும்பிப் படுக்கலாம்.
பையை அவிழ்த்து, உருகிப்போன ஐஸை உறிஞ்சியபடி
பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.
திரையில் பந்தி நடந்துகொண்டிருந்தது.
"யாரு அந்த மஞ்சள் சட்டை?
மூணாவது அப்பளம் எடுக்கிறான் பாரு."
"வெட்டிடவா?"
"ஏய், இருக்கட்டும்."