ஒரு விரல்நுனி அளவு

மிச்சக் காசை நீட்டினேன்.
அந்த மனுஷி கை ஏந்தவில்லை.
"அதிலை வையுங்கோ" என்று
கண்ணாடி மேசையைக் காட்டினா.
பத்து ரூபாய்க் குத்தி சுழன்று சுழன்று
படுக்கும்வரை
இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

புறக்கோட்டை, மூன்றாம் குறுக்குத் தெரு.
சாரமும் சட்டைத்துணியும் விற்கிற கடை.
கல்லாவில் நான்.
விரலிடுக்கில் வெடிப்பு, மணிக்கட்டில் சிவப்பு,
மடித்தால் கசிகிற முழங்கை.

எங்கள் பேச்சில்
நாயும் கடிக்கும், நுளம்பும் கடிக்கும்,
தோலும் கடிக்கும்.
அரிப்பு என்று எழுதுகிறார்கள் புத்தகங்களில்.
கடி என்பதுதான் சரி.
அதற்குப் பல் இருக்கிறது,
இரவு இரண்டு மணிக்கு முளைக்கிற பல்.

கிரந்தி என்றா மேல்மாடி பௌசியா ராத்தா,
இறாலை விடு.
விட்டேன்.
கத்தரிக்காயை, சூரையை, அன்னாசியை விட்டேன்.
ஏழு மாதம்.
குழாய்த் தண்ணியில் குளோரின் என்றார்
என் மனுஷன் ரெஜினோல்ட்.
நான் என்னைச் சொன்னேன்.

பெரியாஸ்பத்திரித் தோல் கிளினிக்.
துண்டு இலக்கம் எண்பத்துநாலு.
வத்சலா டொக்டர் தமிழைக் கூட்டிக் கூட்டிக் கேட்டா:
"சின்ன வயசில தொய்வு இருந்ததா?"
இருந்தது.
"என்ன சோப்? என்ன வேலை? காசு எண்ணுறதா?"
கடைசிக் கேள்விக்குப் பிறகு
கொஞ்ச நேரம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தா.

முதுகில் சின்னச் சின்னச் சதுரங்கள் ஒட்டி
இரண்டு நாள் குளிக்காதே என்றா,
கொழும்புச் சித்திரையில்!
வேர்வைக்கு ஒட்டு கழரக் கழர
ரெஜினோல்ட் ஒரு கையால் விசிறிக்கொண்டே
மறு கையால் பிளாஸ்டர் ஒட்டினார்.
சதுரங்களை எடுத்த பிறகு
ஒன்றின் கீழ் மட்டும்
தோல் தடித்துச் சிவந்திருந்தது. நிக்கல்.
நாள் முழுக்க நான் எண்ணிய குத்திகளில்
எதிலோ அது இருக்கலாம்.

அது மட்டுமில்லையாம்.
பிறப்பிலேயே என் தோல்
ஓடு விலகிய கூரை.
சவர்க்காரம், வேர்வை, தூசி, யோசனை
எல்லாம் அதற்குள்ளால் ஒழுகும்.
இறால்?
"உங்களுக்கு இறால் இல்லை."
ஏழு மாத இறாலை
நான் யாரிடம் போய்க் கேட்க?

சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை
மருந்தைப் பிதுக்கிக் காட்டினா.
இவ்வளவு போதும் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு.
முகத்துக்கு இது வேண்டாம்.
வெந்நீர் வேண்டாம், உரசித் துடைக்க வேண்டாம்,
ஒற்றி, ஈரம் போகுமுன் வஸ்லின்.
பாத்திரம் கழுவ றப்பர் கையுறை,
அதற்குள் பருத்திக் கையுறை.
சொன்னவவின் விரல்களைப் பார்த்தேன்;
என் வெடிப்பைத் தொட்டுக்கொண்டே இருந்தன,
உறை எதுவும் இல்லாமல்.

"மாறுமா?" என்றேன்.
சொல்லைத் தேடினா.
"அடங்கும். திரும்ப வரும். திரும்ப அடக்கலாம்."

ஞாயிறு ரெஜினோல்ட் இறால் உரித்தார்.
பாதி வால் தோலோடு போனது.
திங்கள் முதலாளியிடம் ஒரு பிளாஸ்ரிக் தட்டுக் கேட்டேன்.
இப்போது மிச்சக் காசு எல்லோருக்கும் தட்டில்தான்,
அந்த மனுஷிக்கும்.

நேற்றும் இரண்டு மணிக்குப் பல் முளைத்தது.
நகம் வெட்டியிருந்தேன்.
சொறியாமல் உள்ளங்கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு
துறைமுகத்தில் கப்பல் ஊதுவதைக் கேட்டேன்.
ஒன்று. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு இன்னொன்று.