ஆல்டென்மோஸ் கோட்டையின் துணிக்கணக்கு

விரிப்புகள் எண்பத்திரண்டு.
தலையணை உறைகள் நூற்றுப் பதினாறு.
ஒவ்வொன்றின் மூலையிலும் செந்நூலில் ஒரே எழுத்து:
நட்ட கோல் ஒன்று,
அதன் மார்பில் கர்ப்பம்போல் ஒரு வளைவு,
கீழே, வெளியேறப் பார்க்கும் ஒரு கால்.
எனக்குத் தெரிந்த எழுத்து அது ஒன்றுதான்.
அதை வைத்துக்கொண்டே இந்த வீட்டில்
நான்கு பேருக்குத் துவைத்திருக்கிறேன்.

பெரிய சீமாட்டி ரெனாட்டா.
அவள் மகனுக்கு மொராவியாவிலிருந்து வந்த ரெனாட்டா.
இவள் பெற்று, ஐந்தாம் நாள் போன ரெனாட்டா.
அடுத்த வருஷமே பிறந்து
அந்தப் பெயரையும் அந்தத் தொட்டிலையும்
(சுண்ணாம்பு தேய்த்துக் கழுவினோம்)
வாங்கிக்கொண்ட ரெனாட்டா.
மறுபடி பிறந்தவள் என்று பொருளாம், லத்தீனில்.
பாதிரியார் சொன்னார்.
குழந்தை தும்மியது.

சாப்பாட்டு மேசையில் யாராவது கூப்பிட்டால்
மூன்று தலைகள் திரும்பும்.
சலவைத் தொட்டியில் அந்தக் குழப்பம் இல்லை.
உறையில் மெழுகு சொட்டியிருந்தால் பெரியவள்,
இரவெல்லாம் கடன் பத்திரங்களோடு கிடப்பாள்.
மை என்றால் மொராவியாக்காரி.
யாருக்கு எழுதினாளோ, கேட்டதில்லை.
புளித்த பாலில் ஊறவைத்தால் மை போகும்,
முழுக்கப் போகாது;
வெளிச்சத்தில் பிடித்தால்
சாம்பல் நிறத்தில் ஒரு வரி திரும்பி நிற்கும்.
நல்லவேளை, எனக்கு வாசிக்கத் தெரியாது.
சின்னவள் செர்ரிப் பழம்.
அந்தப் பிஞ்சு?
ஐந்து நாளில் இருபது அணையாடை.
அவள் கணக்கு அதோடு சரி.

பிறகு அந்தப் பிப்ரவரி.
இரத்தத்துக்குக் குளிர்ந்த நீர்தான்,
வெந்நீர் பட்டால் அங்கேயே தங்கிவிடும்.
ஆற்றில் பனியை உடைத்து
மூன்று நாள் துவைத்தேன், ஏழு விரிப்பு.
எட்டாவதை மொராவியாக்காரியோடு புதைத்தார்கள்.
கணக்கில் அடித்துவிடச் சொன்னேன்.

அறுவடை முடிந்ததும் பிரபுவுக்கு மறுமணம் பேசினார்கள்.
பெண்ணின் பெயர் வந்த அன்று
காரியஸ்தர் ஹில்டெப்ராண்ட்
படியிறங்கும்போதே சிரித்தார்:
"அப்பொலோனியா, உனக்கு அதிர்ஷ்டம்.
ஒரு தையலைக்கூடப் பிரிக்க வேண்டாம்."

வந்தாள், பத்தொன்பது வயது,
பாவாடை விளிம்பில் சேறு காயாமல்.
முதல் இரவுக்கு விரித்த படுக்கையின் மூலையைத்
தூக்கிப் பார்த்தாள்.
"எனக்காகத் தைத்ததா?"

புதுத் துணி கன்னத்தைச் சுரண்டும்.
இதுவோ, பத்து வருஷம் அடித்துத் துவைத்த மென்மை.
நான் தண்ணீர்க் குடத்தை இடம் மாற்றி வைத்தேன்.
அவள் விரல் அந்தக் காலைத் தடவியது,
எழுத்தின் காலை.
"அவள் எந்தப் பக்கம் படுப்பாள்?"
"சன்னல் பக்கம்."
கத்தரி கேட்டாள்.

காலையில் கணப்புச் சாம்பலின் ஓரம்
செந்நூல் துணுக்குகள், ஒரு சிட்டிகை.
ஒரே ஓர் உறையில்தான் பிரித்திருந்தாள்,
சுவர்ப்பக்கத்து உறையில்.
துளைகள் அப்படியே இருந்தன.
நூல் இல்லாமலும் அதை வாசிக்க முடிந்தது,
என்னாலேயே.

இப்போது அவளுக்கு ஒரு மகள்.
ஞாயிறன்று ஞானஸ்நானம்.
என்ன பெயர் என்று இந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை.
"சின்னவள்தான் இருக்கிறாளே" என்று
படுக்கையிலிருந்து அவள் சொல்லிப் பார்த்தாள்.
"இருந்தால் என்ன?" என்றாள் பெரியவள்.
"பிள்ளைகள் நிலைப்பதில்லை. பெயர் நிலைக்கும்."

நேற்று கோலூன்றிக் கீழே வந்து
பன்னிரண்டு அணையாடைகளையும் புரட்டினாள் கிழவி.
மூலை மூலையாகப் பார்த்தாள்.
"எழுத்து எங்கே?"

"செந்நூல் தீர்ந்துவிட்டது, அம்மா.
வியாபாரி பனி கரைந்தால்தான் வருவான்."

அவள் தோளுக்குப் பின்னால், திறந்த அலமாரியில்
இருபது கண்டு.
நான் சாம்பல் நீரைக் கிளறிக்கொண்டே இருந்தேன்.