கூற்றுகள்

எந்த நூலில் தொடங்கலாம் என்று கேட்கிறாய், வார்த்தூஷ்.
முப்பது வருடம் டிராலிபஸ் ஓட்டிவிட்டு
இனி இடவியல் படிக்கப் போகிறாயாம். படி.
அந்தப் பட்டியலை நான் ஒருமுறை போட்டிருக்கிறேன்,
யெரெவானில் மின்சாரம் நாளுக்கு ஒரு மணி நேரம் வந்த குளிர்காலத்தில்,
தகர அடுப்பின் முன் குந்தி உட்கார்ந்து.

முதலில் போனவை தேர்வு வழிகாட்டிகள்.
பளபளப்புத் தாள்; புகைதான், சூடில்லை.
அடுத்து, நுண்கணிதத்தின் மூன்றாம் பாகம்.
முதல் இரண்டையும் வாஹ்ராம் மடியில் வைத்துக்கொண்டு
எழுந்திருக்கவே இல்லை.
கலப்பெண் சார்புகள் நின்று எரிந்தது, தடித்த அட்டை.
அந்த வெந்நீரில்தான்
எதிர்வீட்டு ஷோகேரின் பிள்ளைக்கு முதல் குளியல்.
இன்று அவன் பல் மருத்துவன். கணக்கு வராது.

ஜனவரியில் வாஹ்ராம் ஒரு வழி சொன்னார்:
"தேற்றங்களை வைத்துக்கொள்வோம், நிறுவல்களை எரிப்போம்.
வேண்டும்போது நாமே நிறுவிக்கொள்ளலாம்."
ஆனால் தாளுக்கு முதுகு உண்டே.
இந்தப் பக்கத்து நிறுவலைக் கிழித்தால்
அந்தப் பக்கத்துத் தேற்றமும் கையோடு வரும்.
ஆகவே கூற்றை மட்டும்
பழைய மின்கட்டண ரசீதுகளின் பின்புறம் நகலெடுத்தேன்.
மை உறைந்துபோகும். பேனாவை அக்குளில் வைத்துக்கொள்வேன்.

இடவியல் நூல் அப்படித்தான் எலும்பானது.
"எளிதில் காணலாம்" என்று முடிந்த பக்கங்களை மட்டும்
அவர் கிழிக்கவிடவில்லை.
எரிக்க அங்கே ஒன்றுமில்லையாம்.

மார்ச்சுக்குள் இருநூற்றுப் பதினொரு கூற்றுகள்.
பிறகு ஞாயிறுதோறும் ஒன்று என்று நிறுவினோம்.
சில மூலத்தைவிடச் சுருக்கமாக வந்தன,
அவர் அப்படித்தான் சொல்வார்.
ஒப்பிட எதுவும் மிஞ்சவில்லை.

நூற்று நாற்பத்து மூன்றாம் ரசீது மட்டும் மசியவில்லை.
ஒரு வரி, இரண்டு நிபந்தனை.
படுக்கையில் கிடந்த கடைசி வாரத்திலும் அதைத்தான் கேட்டார்:
"கச்சிதம் எந்த இடத்தில் தேவைப்படுகிறது, ஸாபெல்?"
நகலெடுத்தபோது
மூன்றாவது நிபந்தனை ஒன்றை நான் விட்டிருக்கலாம்.
விரல்கள் மரத்திருந்தன.
அவரிடம் சொல்லவில்லை.

நூலகத்தில் புதிய பதிப்பு இருக்கிறது, தெரியும்.
நாலாவது அலமாரி, ஜன்னல் ஓரம்.
வேண்டுமானால் நீ போய்ப் பார்த்துக்கொள்.
என்னிடம் வந்து சொல்லாதே.

இந்தா, ரசீதுகள். ஊசியால் கோத்து வைத்திருக்கிறேன்;
நூல் என்று என்னிடம் இருப்பது இதுதான்.
பின்பக்கத்திலிருந்து படி.
முன்பக்கத்தில் இருப்பது பாக்கித்தொகை.
அதை இன்னும் கட்டவில்லை.