முதலில் கறுப்பு வயர்

சனிக்கிழமை.
பெரியகல்லாறு, ஓய்வுபெற்ற தபாலதிபர் நல்லரெத்தினத்தின் வளவு.
பெட்டியை ஏற்றிக் கதவைச் சாத்தி
சாவியைத் திருப்பினேன்.
டிக்.
பல்லி சொன்ன மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பறை மூன்று அடி அடித்துவிட்டு நின்றது.
மறுகாத் திருப்பினேன்.
டிக்.

கூட்டத்தில் ஆரோ ஒருத்தர்
சனிப்பிணம் தனிப்போகாது என்றார்.
மெதுவாய்த்தான் சொன்னார்.
எல்லாத் தலையும் பக்கத்துத் தலையைப் பார்த்தது.

இறங்கிச் சீற்றைத் தூக்கினேன்.
ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி,
நடுவில் நிற்கிற இரும்புக்கு ஏது நித்திரை?
பற்றரித் தலை இரண்டிலும்
மயில்துத்தம் போல நீலம் பூத்து
ஓரத்தில் வெள்ளை பொருமி
வயரின் கழுத்துவரை ஏறியிருந்தது.
போன மாதமே கண்டேன். பிறகு செய்வம் என்று மூடினேன்.
அதை அங்கே சொல்லவில்லை.

தள்ளுவம் என்றார்கள் பொடியன்கள்.
உள்ளுக்கு ஆளை வைச்சுக்கொண்டு தள்ளுறதா, என்றார் கட்டாடியார்.
கல்லால் தட்டு என்றார் ஒருவர்.
சோடாப் போத்தலை உடைத்து ஊற்று என்றார்
குவைத்தில் நின்று வந்தவர்.
நான் கேட்டது
அப்பச்சோடா, சுடுதண்ணி, பழைய பிரஷ் ஒன்று.

சுடுதண்ணி பக்கத்து வீட்டில் பிளேன்ரீக்குக் கொதித்தபடி இருந்தது.
அப்பச்சோடா வேலிக்கு மேலால் வந்தது, பேப்பரில் சரை சுற்றி.
பிரஷைக் கொண்டு வந்தவள் மகள் துஷாந்தினி.
பச்சைப் பிடி. ஒருபக்கம் சாய்ந்த தும்பு,
இடக்கைக்காரர் தீட்டினது போல.
"அப்பாட" என்றாள்.
திரும்பிப் போகையில்,
"கழுவித் தாங்க."

கறுப்பு வயர் முதலில். பிறகுதான் சிவப்பு.
கை நடுங்கினாலும் இந்த ஒழுங்கு மறக்காது.
கரண்டியால் சோடாத்தண்ணியை விட்டதும்
புஸ் என்று சீறி நுரைத்தது.
ஒப்பாரிக்கு நடுவே இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.
தேய்த்தேன்.
வியாழன் காலைவரை ஒரு வாய்க்குள் போய்வந்த தும்பு
ஈயத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது.
கற்பூரத்தட்டில் கிடந்த நெருப்புப்பெட்டியின்
உரசுபக்கத்தால் தலையை மினுக்கினேன்.
துடைத்துப் பூட்டினேன், இம்முறை சிவப்பு முதலில்.
பூசக் கிறீஸ் இல்லை.
பேத்தி ஒருத்தி உதட்டுக்குப் பூசுகிற வசலீன் டப்பியை நீட்டினாள்.
முழுவதையும் வழித்துவிட்டேன்.
அவள் முகம் போன போக்கு!

சாவி.
உறுமியது.
வைப்பர் தானாய் எழும்பி இரண்டு தரம் ஆடியது,
போய்வாறன் என்கிற மாதிரி.
ஆரோ சிரித்தார்கள். ஆர் என்று இன்னும் தெரியாது.
உடனே எல்லோரும் சத்தமாய் அழுதார்கள்.
பறை பிடித்துக்கொண்டது.

சுடலையில் எஞ்சினை நிற்பாட்டவில்லை. பயம்.

இரவு சேட்டைக் கழற்றும்போது பொக்கற்றுக்குள் அது இருந்தது.
சேட்டில் ஊசித்துளையாய் ஏழெட்டு ஓட்டை, அசிட் தின்றது.
சவுக்காரம் போட்டுக் கழுவினேன், தேசிக்காய் பிழிந்தேன்.
தும்பின் வேரடியில் நீலம் போகவே இல்லை.

எட்டுச்சிலவுக்குப் போனேன்.
துஷாந்தினி வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
கிணற்றடித் தகரப் பேணிக்குள் போட்டாள்,
அங்கே இன்னும் மூன்று நின்றன.
வாடகை மிச்சத்தை எண்ணித் தந்தாள்.
நூறு ரூபாய் கூட இருந்தது.
வசலீனுக்கு என்று
திருப்பிக் கொடுத்தேன்.