சிவப்பு ஸ்டிக்கர்

மகன் பெர்த்திலிருந்து அனுப்பிய பட்டியலில்
நாற்பத்தொரு கேள்விகள்.
அச்செடுத்து, அட்டையில் செருகி,
பேனாவை நூலால் கட்டிக்கொண்டேன்.
முப்பது வருடம் படகுத்துறையில் டிக்கெட் கிழித்தவன்
முதன்முறையாக அதிகாரி.

புலாவ் தீக்கூஸில் முதல் இல்லம்.
வாசலில் மீன்தொட்டி.
வழுக்கி விழட்டும் என்றே இழைத்ததுபோல் பளிங்குத் தரை.
மேலாளர் கோப்பி தந்தார், தட்டில் இரண்டு பிஸ்கட்.
"ராத்திரியில் எத்தனை பேர் இருப்பீங்க?"
"கேமரா இருக்கு சார்."
கேமரா ஈரத் துணி மாற்றுமா என்று
பட்டியலில் இல்லை.
நானும் கேட்கவில்லை. பிஸ்கட்டைத் தின்றேன்.

ஜெலுத்தோங்கில் இரண்டாவது.
டெட்டால் வாசனை,
அதற்கு அடியில் இன்னொரு வாசனை.
நாலு மணி வெயிலில்
சுவர்க் கடிகாரம் பத்தேகாலில் நின்றிருந்தது.
சக்கர நாற்காலியில் ஒரு பெண்மணி,
இடுப்பில் பூப்போட்ட சால்வை.
அழகாயிருக்கிறதே என்று குனிந்தேன்.
முதுகுப் பக்கம் முடிச்சு.
"பாதுகாப்புக்குத்தான் அங்கிள்."
அந்தம்மாவின் நகங்களைப் பார்த்தேன்.
அட்டையை மூடிவிட்டேன்.

ஆயர் ஈத்தாமில் மூன்றாவது.
கேட்டில் துரு, சுவரில் பெயின்ட் உரிசல்,
கொடிமலை ரயில் ஏறுவது பின்பக்கம் தெரியும்.
சொல்லாமல் போனேன், மாலை ஆறரைக்கு.
எல்லோருக்கும் வீட்டு நினைப்பு வந்து
கதவைத் தேடும் நேரம்.
தவமணியையும் கூட்டிப்போனேன்.
மிஸ்டர் கூய் துணிப்பையோடு கிளம்பியிருந்தார்,
அம்மா காத்திருப்பாளாம், அவருக்கு எண்பத்தெட்டு.
மேடானிலிருந்து வந்த நூர்லைலா
கூடாது என்று சொல்லவில்லை.
பையை வாங்கிக்கொண்டு கூடவே நடந்தாள்
கேட் வரை, கொய்யா மரம் வரை,
வீட்டைச் சுற்றி, பக்கக் கதவு வழியாக உள்ளே.
"சுடா சம்பாய்" என்றாள். வந்தாச்சு.
அவர் செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தார்.

என் பேனா பதினேழாம் கேள்வியில் நின்றது.

தவமணி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள்.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
இருபத்தாறு வருடம் சில்லுகளில் கீறல் தேடிய கண்.
கஞ்சிக் கரண்டியை விளக்குக்கு நேரே பிடித்தாள்,
மூன்று முறை திருப்பினாள்,
இடது பக்கம் வைத்தாள்.
ரிஜெக்ட்.
நூர்லைலா இன்னொன்று கொண்டுவந்தாள்.
அதுவும் இடது பக்கம்.
இன்னொன்று.
கஞ்சி ஆறியது. யாரும் கடிகாரம் பார்க்கவில்லை
(நான் பார்த்தேன், சரியாக ஓடிற்று).
ஒன்பதாவது கரண்டி வலது பக்கம் போனது.
ஷிஃப்ட் முடிந்தவள்போல் தோளைத் தளர்த்தி
தவமணி சாப்பிட்டாள்.

அப்போது அந்தப் பெண் என்னைக் கேட்டாள்,
மலாயில், மெதுவாக:
இவங்களுக்கு எதுக்குக் கோபம் வரும்?

"கதவைப் பூட்டினால்" என்றேன், யோசிக்காமல்.

எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை.

வீடு திரும்பி, அவள் தூங்கியபின்
பட்டியலை முதலிலிருந்து நிரப்பினேன்,
எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு.
இரவுப் பணியாளர்: ஒருவர். வயது எழுபத்து நான்கு. குறட்டை.
பயிற்சி: இல்லை.
வெளியேறும் வழி: செவ்வாயும் வெள்ளியும்
மார்க்கெட்டுக்குப் போகும்போது வெளியிலிருந்து பூட்டு.
கதவின் உட்பக்கம், தாழ்ப்பாளுக்குக் கீழே,
நகம் பிறாண்டிய கோடுகள்.
போன மாதம் அதன்மேல் ஒரு நாட்காட்டி மாட்டியிருந்தேன்.
கேட்டதையே கேட்டால் பதில் சொல்லும் தொனி:
முதல் நான்கு முறை நன்று.

கூட்டிப் பார்த்தேன். மீண்டும் கூட்டினேன்.
தொழிற்சாலையில் இப்படியொரு பெட்டி வந்தால்
தவமணி கையிலெடுக்க மாட்டாள்,
தூரத்திலேயே சிவப்பு ஸ்டிக்கர்.

காலையில் அவள் மாத்திரையைத் தேடி
கைப்பையைக் கவிழ்த்தேன்.
மேசைமேல் கலகலவென்று விழுந்தன
எட்டுக் கரண்டிகள்,
டிஷ்யூவில் தனித்தனியாகச் சுற்றியபடி.

திருப்பிக் கொடுக்கப் போக வேண்டும்.