கேளாமல்

ஒன்பது நடக்குது, இன்னும் குத்தேல்லையோ
என்று முதலில் கேட்டவள் திருக்கடலூர் மீன்காரி.
பாரைக் குட்டியைத் தராசில் போட்டபடி
உன் வெறுங்காதைப் பார்த்து
ஆம்பிளைப் பிள்ளையாக்கும் என்றாள்.

அதன்பிறகு எல்லோரும் கேட்டார்கள்.
உப்புவெளி மாமி கேட்டா.
வவுனியாவிலிருந்து போனில் மச்சாள்,
கச்சேரியில் பக்கத்து மேசை லோகநாயகி,
ஆட்டோக்காரர்கூட, கண்ணாடியில் பார்த்து.
உன் காதைப் பற்றி
உன்னைக் கேளாமல்.

ஒருவருக்கும் நான் சொல்லவில்லை.
பெரியாஸ்பத்திரியில், மின்விசிறி கத்தும் அந்தச் சின்ன அறையில்
பஞ்சுபோன்ற ஒன்றை உன் காதுக்குள் வைத்து
திரையைப் பார்த்திருந்த றிஸ்வானா மிஸ்
வலதுக்குத் தலையாட்டினா.
இடதுக்குத் திரும்பவும் வைத்தா.
விசிறியை நிற்பாட்டிவிட்டுத் திரும்பவும்.
பிறகு, மட்டக்களப்புக்கு ஒரு கடிதம் தாறன் என்றா,
என் முகத்தைப் பார்க்காமல்.

கடிதம் உன் கிளினிக் கொப்பிக்குள்,
அம்மை ஊசித் திகதிக்கும் நிறைக் கோட்டுக்கும் இடையில்.

துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிவிட்டு
இரும்புச் சத்தத்தோடு வீடு வரும் உன் அப்பா
சட்டை கழற்றுமுன் சாவிக்கொத்தை எடுத்து
உன் இடப்பக்கம் ஆட்டுவார்.
நீ திரும்புவாய்.
சாவிக்கா, நிழலுக்கா, எண்ணெய் வாசத்துக்கா,
அவருக்குத் தெரியாது. நாளைக்கும் ஆட்டுவார்.

"வலதை மட்டும் குத்துவம்" என்றார் ஒரு இரவு.
"மற்றது பட்டது போதும்."
நான் பதில் சொல்லவில்லை.
பாத்திரம் கழுவினேன். கழுவினதையே கழுவினேன்.

எங்கே என்பது அடுத்த சண்டை.
கிளினிக்கில் துவக்கால் அடிப்பாங்களாம், நோகாதாம்,
என்றாள் லோகநாயகி.
துவக்கு என்ற சொல்லை
இந்த ஊரில் இவ்வளவு லேசாய் ஒருவர் சொல்லி
நான் கேட்டதில்லை.
மாமிக்குக் கோணேசர் கோயில்தான்.
சரியென்று ஒரு வெள்ளி போனோம்.
கோட்டை வாசலில் மான்கள்.
ஒன்று, பஸ் ஹோர்னுக்கு ஒரு காதும்
என் பையில் சரசரத்த பழத்துக்கு மறு காதுமாய்
தனித்தனியே திருப்பி வைத்திருந்தது.
அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.
மேலே ஏறவில்லை.
வெயில் என்று மாமிக்குச் சொன்னோம்.

கடைசியில் மத்திய வீதிப் பத்தர்.
தாய்மாமன் மடி எங்கே என்றார்.
நிரோசன் கப்பலில், எந்தக் கடலென்று அவனுக்கே தெரியாது.
அப்பாவின் மடியில் இருத்தினோம்.
நீலப் பேனாவால் இரண்டு புள்ளி வைத்து
தள்ளி நின்று பார்த்து
மட்டம் சரியோ பிள்ளை என்றார்.

"இடது கொஞ்சம் கீழே வரட்டும்.
அந்தக் காதுக்கு ஒரு மெசின் வரும்.
இடம் விடவேணும்."

எங்கே மாட்டுவார்கள் என்று எனக்கே தெரியாது.
மாமிக்குச் சொல்லாததை, மீன்காரிக்குச் சொல்லாததை
பெயர் தெரியாத ஒருவரிடம் சொல்லிவிட்டேன்.
அவர் ஐயோ என்னவில்லை.
விரலை நாக்கில் தொட்டுப் புள்ளியை அழித்து
ஒரு நெல்லளவு கீழே வைத்தார்.
இப்ப பாருங்கோ.

வலதுக்கு அழுதாய்.
இடதுக்கும் அழுதாய்,
மாற்றுக் குறையாமல் அதே அழுகை.
உன் அப்பா குனிந்து
இடது காதில் ஏதோ சொன்னார்.
எனக்குக் கேட்கவில்லை.

நேருஜா,
உன்னைக் கேளாமல் செய்தோம்.
வளர்ந்து எங்களைக் கேள்.
சைகையில் கேட்டாலும்
பதில் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறோம்.

இரவு, உப்புத் தண்ணீரில் பஞ்சு தோய்த்து
தோட்டைச் சுற்றித் துடைக்கிறேன்.
அழித்த புள்ளியின் நீலம்
தங்கத்துக்கு மேலே ஒரு நெல் உயரத்தில்
இன்னும் கொஞ்சம் கிடக்கிறது.
அதை மட்டும் துடைக்கவில்லை.